தன்னிலிருந்து தொடங்கும் மைத்திரி

சும்ப நாட்டில் சேதகம் என்னும் ஊரில் தங்கியிருந்தபோது புத்தர் ஒரு கழைக்கூத்தாடியின் கதையைப் பிக்குகளுக்குச் சொன்னார் என்கிறது சம்யுத்த நிகாயம். கூத்தாடி மூங்கிலை நிறுத்துகிறான். மேதகதாலிகா என்ற சீடப்பிள்ளையைக் கழையேறித் தன் தோள்மேல் நிற்கச் சொல்கிறான். வித்தை தொடங்குமுன் ஓர் ஏற்பாடும் சொல்கிறான்: நான் உன்னைக் கவனித்துக்கொள்கிறேன், நீ என்னைக் கவனித்துக்கொள், வித்தையும் நடக்கும், காசும் கிடைக்கும், பத்திரமாக இறங்கியும் விடலாம். சீடப்பிள்ளை ஒப்பவில்லை. ஆசான் தன்னைக் கவனிக்கட்டும், நான் என்னைக் கவனிக்கிறேன், அப்போதுதான் இருவரும் விழாமல் இருப்போம் என்று பதில் வருகிறது.

மேலோட்டமாகக் கேட்டால் ஆசான் சொன்னது அன்பு, சீடப்பிள்ளை சொன்னது சுயநலம். புத்தரோ சீடப்பிள்ளையின் பக்கம் நிற்கிறார். ஆனால் பேச்சை அங்கேயே முடிக்கவில்லை. தன்னைக் காப்பது பிறரைக் காப்பதாகவும் பிறரைக் காப்பது தன்னைக் காப்பதாகவும் எப்படி ஆகிறது என்று இரண்டு பக்கத்தையும் விளக்குகிறார். தன்னைக் காக்க இடைவிடாத மனப்பயிற்சி வேண்டும். பிறரைக் காக்கப் பொறுமை, இன்னா செய்யாமை, மைத்திரி, இரக்கம் என்ற நான்கும் வேண்டும்.

எல்லா உயிர்களுக்கும் நலம் நாடும் மனநிலைக்கு மைத்திரி என்று பெயர். பாலியில் மெத்தா. இன்று உலகம் முழுவதும் தியான முகாம்களிலும் உளவியல் ஆய்வுக்கூடங்களிலும் பேசப்படும் பயிற்சி அது. பெரும்பாலான இடங்களில் முதல் பாடம், உன்மேல் நீ அன்பு வை என்பதே. நம் வீடுகளில் கற்றுத்தரப்படும் பாடம் நேர் எதிர்: உன்னைப் பின்னால் வை, பிறர் முதலில் சாப்பிடட்டும். இரண்டு தரப்பும் புத்தரைத் தங்களுக்குச் சாட்சியாகக் கூப்பிடலாம். மூல நூல்களைப் புரட்டினால் அவர் இருவருக்குமே முழுச் சாட்சி சொல்லவில்லை என்பது தெரியும்.

அரண்மனை மாடியில் ஒரு கேள்வி

கோசல மன்னன் பசேநதியும் அரசி மல்லிகாவும் ஒரு நாள் அரண்மனை மேல்மாடத்தில் இருந்தார்கள். மல்லிகா மாலை கட்டுபவரின் மகள் என்று உரைகள் சொல்கின்றன. உன்னைவிட உனக்குப் பிரியமானவர் யாராவது உண்டா என்று அரசன் கேட்டான். தன் பெயரைச் சொல்வாள் என்று எதிர்பார்த்திருக்கலாம். அவளோ, அப்படி யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு உண்டா என்று திருப்பிக் கேட்டாள். அரசன் யோசித்துப் பார்த்தான். அவனுக்கும் யாரும் இல்லை.

இந்தச் சின்னக் கசப்போடு அவன் புத்தரிடம் போகிறான். இருவரையும் சுயநலக்காரர்கள் என்று அவர் கடிந்துகொள்ளவில்லை. உலகத்தை நாலாபக்கமும் தேடினாலும் தன்னைவிடப் பிரியமான ஒருவரை யாரும் கண்டதில்லை என்று ஒப்புக்கொள்கிறார். பிறகு ஒரு படி மேலே போகிறார். உனக்கு நீ எப்படியோ, அப்படியே ஒவ்வொருவருக்கும் அவரவர். ஆகவே தன்மேல் பிரியம் உள்ளவன் பிறரைத் துன்புறுத்தலாகாது என்கிறார். சம்யுத்த நிகாயம், உதானம் ஆகிய இரண்டிலும் இந்தச் சம்பவம் இருக்கிறது.

தன்மேல் உள்ள பிரியம் இங்கே புகழப்படவும் இல்லை, பழிக்கப்படவும் இல்லை. மறுக்க முடியாத ஓர் உண்மையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதிலிருந்து அகிம்சை பிறக்கிறது. பிறர் துன்பத்தை அறிவதற்கு எனக்குள்ள ஒரே நேரடி ஆதாரம், எனக்கு வலித்தால் எப்படி இருக்கும் என்ற அறிவுதான்.

ஆனாலும் புத்தர் பேருரைகளில் மைத்திரியைப் பயிற்றும் முறை தன்னிலிருந்து தொடங்குவதில்லை. ஒரு திசையை மைத்திரியால் நிறைத்து, அப்படியே நான்கு திசைக்கும் மேலும் கீழும் பரப்புவதே அங்கே திரும்பத் திரும்ப வரும் முறை. சுத்த நிபாதத்தில் உள்ள புகழ்பெற்ற மெத்த சுத்தத்திலும், கண்ணில் பட்டவை, படாதவை, அருகில் உள்ளவை, தொலைவில் உள்ளவை, இனிப் பிறக்கப்போகின்றவை என்று உயிர்கள் வகைவகையாக வருகின்றன. அந்தப் பட்டியலில் ‘நான்’ தனியாக இல்லை. ‘முதலில் நீ’ என்ற விதி எங்கிருந்து வந்தது?

புத்தகோசர் போட்ட வரிசை

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் எழுதிய விசுத்திமார்க்கத்தில்தான் அந்த விதி தெளிவாக இருக்கிறது. தேரவாத பௌத்தத்தின் தியானக் கையேடு என்று அந்த நூலைச் சொல்லலாம். 23 அதிகாரங்களில் 9ஆவது, மைத்திரி, கருணை, முதிதை (பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல்), உபேட்சை (மனச் சமநிலை) என்ற நான்கு பிரம்ம விகாரங்களைப் பற்றியது. புத்தகோசருக்குத் தமிழகத்தோடு நெருங்கிய தொடர்பு உண்டு. காஞ்சிபுரத்தில் தம்மோடு வாழ்ந்த சோதிபாலர் என்ற தேரர் கேட்டுக்கொண்டதால் அங்குத்தர நிகாயத்துக்கு உரை எழுதியதாக அவரே குறிப்பிடுகிறார்.

அவர் தரும் வரிசை இது: முதலில் தான், அடுத்து, மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய ஆசிரியர் போன்ற ஒருவர், பிறகு மிக நெருங்கிய நண்பர், பிறகு விருப்போ வெறுப்போ இல்லாத ஒருவர், கடைசியில் பகைவர். ஒவ்வொருவரையும் நினைத்து, பகையும் மனத்துயரும் உடல்துயரும் இன்றி நலமாக வாழ வேண்டும் என்ற எண்ணத்தை மனம் அதில் ஊறும்வரை வளர்க்க வேண்டும்.

இங்கே புத்தகோசர் தமக்குத்தாமே ஒரு மறுப்பை எழுப்பிக்கொள்கிறார். விபங்கம், பதிசம்பிதாமார்க்கம், மெத்த சுத்தம் ஆகிய முந்தைய நூல்கள் எதிலும் தன்னைப் பற்றிய பேச்சே இல்லையே, அவற்றோடு இது முரண்படாதா என்று கேட்கிறார். அவர் தரும் விடைதான் இந்த மரபின் திறவுகோல். அந்த நூல்கள் தியானத்தின் ஆழ்நிலையை அடைவதைப் பேசுகின்றன. தன்னை நினைத்து நூறு ஆண்டு மைத்திரி பயின்றாலும் அந்த நிலை கிட்டாது. பிறகு ஏன் தன்னிலிருந்து தொடங்க வேண்டும்? சாட்சிக்காக. நான் இன்பத்தை விரும்புகிறேன், துன்பத்தை அஞ்சுகிறேன், வாழ ஆசைப்படுகிறேன். மற்ற உயிர்களும் அப்படித்தான் என்று தன்னைச் சாட்சியாக வைத்துப் பார்த்தால் பிறர் நலத்தில் விருப்பம் பிறக்கும். மல்லிகாவின் கதையில் புத்தர் சொன்ன பாட்டைத்தான் புத்தகோசர் இதற்கு ஆதாரமாக எடுத்து வைக்கிறார்.

வழக்கில் சாட்சி வேண்டும். ஆனால் வழக்கு சாட்சிக்காக நடப்பதில்லை. தன்மேல் மைத்திரி என்பதன் இடம் அதுதான். அதைத் தாண்டிப் போகவும் கூடாது, அதில் தங்கிவிடவும் கூடாது.

யாரை வைத்துத் தொடங்கக் கூடாது என்பதிலும் நூல் கறாராக இருக்கிறது. பிடிக்காதவரை வைத்துத் தொடங்கினால் மனம் களைத்துப்போகும். உயிருக்குயிரான நண்பரை வைத்துத் தொடங்கினால் அவருக்குச் சிறு கஷ்டம் என்றாலும் அழுகை வந்துவிடும். பகைவரை வைத்துத் தொடங்கினால் கோபம் கிளம்பும். காம ஈர்ப்புக்கு இடம் தரக்கூடியவரும் ஆகாது. இதற்கு ஒரு வேடிக்கையான கதை சொல்கிறது. அமைச்சர் மகன் ஒருவன், யார்மேல் மைத்திரி பயில வேண்டும் என்று ஒரு தேரரிடம் கேட்டான். பிரியமானவர்மேல் என்றார் அவர். அவனுக்கு மனைவிதான் பிரியம். அறையில் உட்கார்ந்து அவளை நினைத்து மைத்திரி பயின்றான். ஆசை தலைக்கேறி, அவளிடம் போக எழுந்தவனுக்குக் கதவு எங்கே என்று தெரியவில்லை. இரவெல்லாம் சுவரோடு முட்டி மோதிக்கொண்டிருந்தான்.

சிரித்துவிட்டுப் போகிற கதையாகத் தெரியலாம். ஆனால் புத்தகோசரின் மிக நுட்பமான கருத்து ஒன்று இதற்குள் இருக்கிறது. ஒவ்வொரு நற்பண்புக்கும் இரண்டு பகைகள் உண்டு. ஒன்று எட்ட நிற்பது, மற்றொன்று பக்கத்தில் நிற்பது. மைத்திரிக்கு எட்ட நிற்கும் பகை வெறுப்பு. அதைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிடும். பக்கத்தில் நிற்கும் பகை பற்று. அது மைத்திரியின் உடையிலேயே வரும். கருணைக்குக் கொடுமை எட்ட நிற்கும் பகை, சோகம் பக்கத்துப் பகை. உபேட்சையின் பக்கத்திலேயே எதையும் கண்டுகொள்ளாத மந்தம் நிற்கிறது. பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்கிறேன் என்று சொல்லி அவன் மூச்சுவிடக்கூட இடம் தராத பெற்றோர் மைத்திரி என்று நினைத்துச் செய்வது பல நேரம் பற்றுதான்.

கோபம் தணியாதபோது

மைத்திரியின் உண்மையான சோதனை பகைவனிடம் வருகிறது. நல்லவர் என்று பெயரெடுப்பது எளிது என்பதற்கு மச்சிம நிகாயத்தின் ககசூபம சுத்தத்தில் ஒரு கதை வருகிறது. சாவத்தியில் வேதேகிகா என்ற குடும்பத்தலைவி இருந்தாள். சாது, அடக்கமானவள் என்று ஊரெல்லாம் பேச்சு. அவள் வீட்டு அடிமைப்பெண் காளி, வேலையில் கெட்டிக்காரி. எஜமானிக்குக் கோபமே கிடையாதா, அல்லது நான் வேலையைச் சரியாகச் செய்வதால் அது வெளியே வராமல் இருக்கிறதா என்று அவளுக்குச் சந்தேகம். வேண்டுமென்றே தாமதமாக எழுந்தாள். எஜமானி முகம் சுளித்தாள். மறுமுறை இன்னும் தாமதம், வசவு விழுந்தது. மூன்றாம் முறை கதவின் தாழ்க்கோலை எடுத்துக் காளியின் தலையில் அடித்தாள் வேதேகிகா. இரத்தம் ஒழுகும் தலையோடு காளி தெருவில் இறங்கி, சாது எஜமானியின் லட்சணத்தைப் பாருங்கள் என்று அக்கம்பக்கத்தாரிடம் காட்டினாள். இனிய சொல் காதில் விழும்வரை மட்டும் சாதுவாக இருப்பவரைச் சாது என்று நான் சொல்வதில்லை என்பது புத்தரின் தீர்ப்பு.

பகைவனை நினைத்தவுடன் கோபம் கிளம்பினால் என்ன செய்வது என்று புத்தகோசர் வைத்தியர்போல் மருந்துகளை அடுக்குகிறார். ஒன்று கேட்காவிட்டால் அடுத்தது. முதலில், முன்பு பயின்ற எளிய நபர்களிடம் மனத்தைத் திருப்பிக் கொஞ்சம் ஈரமாக்கிக்கொண்டு வர வேண்டும். பிறகு அந்த ஆளிடம் உள்ள ஒரு நல்ல குணத்தையாவது தேட வேண்டும். பேச்சு கடுமையானாலும் செயல் நேர்மையாக இருக்கலாம். அதுவும் நடக்காவிட்டால் தன்னைத்தானே இடித்துக் கேட்க வேண்டும்: பகைவன் அவனால் முடிந்த அளவுக்கு உன் உடலுக்கும் பொருளுக்கும் தீங்கு செய்தான், அவன் கை எட்டாத உன் மனத்துக்கு நீ ஏன் தீங்கு செய்துகொள்கிறாய்?

இன்னொரு மருந்து பகுத்துப் பார்ப்பது. யார்மேல் கோபம்? தலைமயிர்மேலா, நகத்தின்மேலா, உடம்பில் உள்ள மண், நீர், நெருப்பு, காற்று என்ற பூதங்களின்மேலா? பிரித்துப் பார்த்தால் கோபம் நிற்க இடமில்லாமல் போகும் என்கிறார். தொடக்கம் தெரியாத பிறவிச் சுழலில் இவர் ஒருகாலத்தில் என் தாயாக இருந்து சுமந்திருக்கலாம் என்று நினைப்பதும் ஒரு மருந்து.

எதற்கும் அடங்காத கோபத்துக்கு அவர் சொல்லும் கடைசி மருந்து தியானமே அல்ல: ஒரு பொருளைக் கொடுப்பது. இலங்கையின் தென்கிழக்கில் உள்ள சித்தலபப்பத விகாரையில் ஒரு மூத்த தேரர், பிச்சையேற்று வாழ்ந்த மற்றொரு தேரரை மூன்று முறை தங்குமிடத்தைவிட்டு எழுப்பிவிட்டார். எழுப்பப்பட்டவர் தம் தாய் கொடுத்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனார். எட்டுக் காசு பெறும், நேர்வழியில் வந்தது, என் தாய்க்குப் புண்ணியம் சேரட்டும் என்று சொல்லிக் கொடுத்தார். கொடுத்தவர் மனமும் வாங்கியவர் மனமும் இளகின. மனம் வழிக்கு வராதபோது கையை முதலில் அனுப்பு என்பது இதன் சாரம்.

நால்வரில் யாரைக் கொடுப்பது?

இந்தப் பயிற்சியின் முடிவு எப்படி இருக்கும்? அதற்குச் சீமாசம்பேதம், அதாவது எல்லைகள் அழிதல் என்று பெயர். அந்த நிலை வந்ததா இல்லையா என்று சோதிக்கப் புத்தகோசர் ஒரு காட்சியை வைக்கிறார். ஓர் இடத்தில் நால்வர் இருக்கிறார்கள்: நீ, உனக்குப் பிரியமானவர், நடுநிலையானவர், பகைவர். கொள்ளையர் வந்து, பலி கொடுக்கக் கழுத்து இரத்தம் வேண்டும், ஒரு பிக்குவைக் கொடு என்கிறார்கள். இவரைக் கொண்டுபோகட்டும் என்று மற்றவர்களில் ஒருவரை நினைத்தால் எல்லை அழியவில்லை. இது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான்.

அடுத்து வருவதுதான் நம்மை நிறுத்தும். மூவரையும் விட்டுவிடுங்கள், என்னைக் கொண்டுபோங்கள் என்று நினைத்தாலும் எல்லை அழியவில்லை என்கிறார். ஏனென்றால் நால்வரில் ஒருவருக்குக் கேட்டை விரும்பிவிட்டாய். அந்த ஒருவர் நீயாக இருப்பதால் கேடு கேடில்லாமல் போய்விடாது. நால்வரில் ஒருவரைக்கூடக் கொடுக்கத்தக்கவராகக் காணாதபோதுதான் மைத்திரி முழுமை பெறுகிறது.

தியாகத்தை உச்ச அறமாகப் போற்றும் நமக்கு இது விழுங்கக் கடினமான கருத்து. தன் உடலை அரிந்து தந்தவர்களைப் பாடிய மரபு நம்முடையது. பௌத்தத்திலும் ஜாதகக் கதைகளில் போதிசத்துவர் உடலையும் கண்ணையும் கொடுக்கிறார். அவை தானத்தின் கதைகள். மைத்திரிக்கு அளவுகோல் வேறு. தன்னைக் கழித்துவிட்டுப் பிறரைக் கூட்டுவதும் ஒருவகைக் கணக்குத்தான். அந்தக் கணக்கில் ‘நான்’ என்ற கோடு இன்னும் அழியாமல் இருக்கிறது.

மகாயான மரபு இதே இடத்துக்கு வேறு வழியில் வருகிறது. 8ஆம் நூற்றாண்டில் நாளந்தாவில் வாழ்ந்த சாந்திதேவர், போதிசரியாவதாரத்தின் 8ஆம் அதிகாரத்தில் தன்னலப் பற்றை எல்லாத் துன்பங்களுக்கும் ஊற்றாகக் காட்டித் தாக்குகிறார். ஆனால் அவருடைய அடிப்படை வாதமும் சமத்துவம்தான். காலின் வலி கையின் வலி அல்ல, ஆனாலும் காலில் முள் குத்தினால் கை போய் எடுக்கிறது. துன்பம் யாருடையது என்று பார்த்து நீக்க வேண்டியதில்லை, துன்பம் என்பதாலேயே நீக்க வேண்டும் என்கிறார். ஒருவர் தன்னைச் சாட்சியாக வைத்துத் தொடங்குகிறார், மற்றவர் தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றித் தொடங்குகிறார். இருவரும் தனக்கும் பிறர்க்கும் சம பங்கு என்ற தீர்ப்பில் வந்து சேர்கிறார்கள்.

காஞ்சியில் அறவணர் சொன்னது

இந்தப் பயிற்சி தமிழுக்குப் புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்தின் கடைசிக் காதையில், காஞ்சி மாநகரில் பௌத்தத் துறவி அறவணவடிகள் கதைத்தலைவி மணிமேகலைக்குத் தருமம் உரைக்கிறார். பற்று, செற்றம், மயக்கம் என்ற மூன்று நோய்களுக்கும் தனித்தனி மருந்து சொல்லும்போது, செற்றம் நீங்க மைத்திரி, கருணை, முதிதை என்ற மூன்றையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார்.

அந்த மருந்து வேலை செய்வதை 23ஆவது காதையில் பார்க்கலாம். மகன் உதயகுமரன் வெட்டுண்டு இறந்ததற்கு மணிமேகலையே காரணம் என்று சோழ அரசி வஞ்சம் வைக்கிறாள். பித்தேற மருந்து ஊட்டிப் பார்க்கிறாள். ஓர் இளைஞனை ஏவிக் கற்பழிக்கச் சொல்கிறாள். நோயாளி என்று பொய் சொல்லிப் புழுக்கறையில் உணவின்றி அடைக்கிறாள். எதுவும் பலிக்காமல் அரசி நடுங்கி நிற்கும்போது மணிமேகலை பழிவாங்கவில்லை, பேசுகிறாள். மகனின் உடம்புக்காக அழுகிறீர்களா, உயிருக்காக அழுகிறீர்களா? உடம்புக்காக என்றால் அதைச் சுடுகாட்டுக்கு அனுப்பியது யார்? உயிருக்காக என்றால் அது இப்போது எந்த உடலில் புகுந்திருக்கிறது என்று தெரியாது. அந்த உயிர்மேல் உண்மையான அன்பு இருந்தால் எல்லா உயிர்மேலும் இரங்கத்தான் வேண்டும்.

உடம்பைப் பிரித்துப் பார்க்கும் அதே பகுப்பும், பிறவிச் சுழலை நினைவூட்டும் அதே வாதமும் இங்கே ஒரு தாயின் துக்கத்துக்குள் புகுந்து வருகின்றன. ஒரு மகன்மேல் வைத்த பற்றைப் பிடித்தே அரசியை எல்லா உயிர்களிடமும் கொண்டுபோகிறாள் மணிமேகலை. மனம் தெளிந்து அரசி அவள் காலில் விழுகிறாள். மணிமேகலை பொறுக்காமல் தானும் வணங்குகிறாள்: நீங்கள் முற்பிறவியில் என் கணவனாக இருந்தவனைப் பெற்றவர், நாட்டின் மாதேவியும்கூட. கொடுமை செய்தவரும் அனுபவித்தவரும் ஒருவரை ஒருவர் வணங்கி நிற்பதைவிடச் சீமாசம்பேதத்துக்குத் தெளிவான காட்சியைத் தமிழில் காட்டுவது கடினம்.

ஆய்வுக்கூடத்தில் மைத்திரி

1990இல் தரம்சாலாவில் தலாய் லாமாவோடு மேற்கத்திய அறிஞர்கள் நடத்திய உரையாடலில் ஒரு சம்பவம் நடந்தது. அமெரிக்கத் தியான ஆசிரியர் ஷாரன் சால்ஸ்பர்க், தன்னைத்தானே வெறுப்பது பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். தலாய் லாமாவுக்குக் கேள்வியே புரியவில்லை. மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பத் திரும்பக் கேட்டும், மனிதர் தன்னையே வெறுப்பார் என்பது அவருக்கு நம்ப முடியாததாக இருந்தது. தன்மேல் பற்று எல்லோருக்கும் உண்டு என்று கொள்ளும் மரபில் வளர்ந்தவர் அவர்.

ஆனால் கேட்டவர்களுக்கு அது அன்றாட அனுபவம். சால்ஸ்பர்க் பர்மாவில் ஊ பண்டித சயாதோவிடம் மைத்திரிப் பயிற்சி பெற்றவர். 1995இல் அவர் எழுதிய நூல் மேற்கில் இந்தப் பயிற்சியைப் பரப்பியது. 2003இல் உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப், தன்மேல் காட்டும் பரிவை அளக்க 26 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார். தன்னிடம் கனிவு, என் துன்பம் எல்லோருக்கும் உள்ளதே என்ற உணர்வு, விழிப்புநிலை என்ற மூன்றும் அதன் கூறுகள். இரண்டாவது கூறு, பெயர் மாறி வந்த ‘சாட்சி’யேதான். அதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, குளியல் உப்பும் சுற்றுலாவும் விற்பதுதான் சந்தையின் வேலை.

ஆய்வு முடிவுகள் என்ன சொல்கின்றன? பார்பரா ஃபிரெட்ரிக்சன் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், வேலைக்குப் போகும் 139 பேரில் பாதிப்பேர் 7 வாரம் மைத்திரிப் பயிற்சி பெற்றனர். அவர்களுடைய அன்றாட நல்லுணர்வுகள் மெல்ல மெல்ல உயர்ந்தன. அதன் வழியே வாழ்வில் நிறைவும் கூடியது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் செய்த ஆய்வில், சில நிமிடப் பயிற்சியே முன்பின் தெரியாதவர்மேல் நெருக்க உணர்வைக் கூட்டியது. 2014இல் 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எந்தப் பயிற்சியும் பெறாதவர்களோடு ஒப்பிட்டால் மனச்சோர்வு ஓரளவு குறைந்தது. ஆனால் பல ஆய்வுகளின் தரம் போதாது என்றும், வேறு பயிற்சிகளோடு ஒப்பிட்டால் முடிவு உறுதியாக இல்லை என்றும் அந்தத் தொகுப்பே எச்சரித்தது. பயன் உண்டு, சர்வரோக நிவாரணி என்று சொல்ல ஆதாரம் இல்லை.

எல்லாவற்றிலும் சுவையானது டானியா சிங்கர், ஓல்கா கிலிமெக்கி குழுவினரின் ஆய்வு. பிறர் துன்பத்தைக் காட்டும் காணொளிகளைப் பார்க்க வைத்து, ஒரு கட்டத்தில் அந்தத் துன்பத்தை அப்படியே தானும் உணரப் பயிற்சி தந்தார்கள். அடுத்த கட்டத்தில் மைத்திரி, கருணை வழியில் நலம் விரும்பப் பயிற்சி தந்தார்கள். முதல் பயிற்சியில் பங்கேற்றவர்கள் வாடிப்போனார்கள். இரண்டாவது அந்த வாட்டத்தை மாற்றியது. மூளையில் வேறு பகுதிகள் இயங்கின. கருணைக்குப் பக்கத்தில் நிற்கும் பகை சோகம் என்று 5ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த பிரிவினையை மூளைப் படத்தில் பார்ப்பதுபோல் இருக்கிறது. செவிலியர், ஆசிரியர், முதியோரைப் பராமரிப்பவர் எல்லோருக்கும் இதில் பாடம் உண்டு.

ஓதியும் உணராதது

இவ்வளவும் சொல்லிவிட்டு வரலாற்றின் பக்கம் திரும்பாமல் இருந்தால் கட்டுரை நேர்மையாக இராது. 2007 செப்டம்பரில் பர்மியப் பிக்குகள் இராணுவ ஆட்சிக்கு எதிராக மெத்த சுத்தத்தை ஓதியபடி யாங்கூன் தெருக்களில் நடந்தார்கள். சில ஆண்டுகளில் அதே நாட்டில் முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புப் பிரசாரத்தில் பிக்குகளில் ஒரு பகுதியினர் முன்னால் நின்றார்கள். 2017இல் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். இலங்கையில் பிரித் என்ற காப்பு ஓதலின்போது மெத்த சுத்தம் தவறாமல் இடம்பெறும். அந்த ஓசை காதில் விழும் நாட்டில்தான் தமிழர்களுக்கு எதிரான 1983 சூலைக் கொடுமையும் நடந்தது. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மானுடவியலாளர் எஸ். ஜே. தம்பையா, 1992இல் இந்த முரணை ஆராய்ந்து எழுதிய நூல் இலங்கையில் தடை செய்யப்பட்டது.

குற்றம் பயிற்சியிலா, பயின்றவர்களிலா? புத்தகோசரின் வரிசையை வைத்துப் பார்த்தால் நடந்தது புரிகிறது. தான், தன் ஆசான், தன் நண்பன் என்ற மூன்று படிகளை இனம், மதம் என்று பெரிதாக்கிக்கொண்டு, நான்காவது படியில் காலே வைக்காமல் நின்றுவிட்டால் மைத்திரி கூட்டப் பற்றாக மாறும். பக்கத்தில் நிற்கும் பகை தனிமனிதருக்கு மட்டும் உரியதன்று. ஒரு நாட்டுக்கே வரலாம்.

மைத்திரியைச் சமூகத்தில் இறக்கிக் காட்டியவர்களும் உண்டு. இலங்கையில் ஏ. டி. அரியரத்ன 1958இல் நாளந்தா கல்லூரி மாணவர்களைக் கனதொலுவ என்ற ஒதுக்கப்பட்ட மக்களின் கிராமத்துக்கு அழைத்துப்போய்ச் சிரமதானம் செய்தார். அதிலிருந்து வளர்ந்த சர்வோதய இயக்கம் நான்கு பிரம்ம விகாரங்களையே தன் கொள்கையாக வைத்துக்கொண்டது. இந்தியாவில் அம்பேத்கர் ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில், கருணை மட்டும் போதாது, மைத்திரி வேண்டும் என்ற போதனைக்குத் தனி இடம் தந்தார். கருணையில் கொடுப்பவர் மேலேயும் வாங்குபவர் கீழேயும் இருக்க முடியும். மைத்திரியில் அப்படி முடியாது. சாதி வரிசையின் கீழ்ப்படியில் நிறுத்தப்பட்டவருக்கு, உனக்கும் அதே பங்கு உண்டு என்பது ஆறுதல் மொழியன்று, உரிமை மொழி.

இதனால்தான் ‘தன்மேல் மைத்திரி’ எல்லோருக்கும் ஒரே மருந்தாக இருக்க முடியாது. தன்னை எப்போதும் முன்னால் வைத்துப் பழகியவர் முதல் படியில் அதிக நேரம் தங்கத் தேவையில்லை. அவருக்குச் சாட்சி ஏற்கெனவே தயார். வீட்டில் கடைசியாக உண்ணும் பெண்ணுக்கும், இழிவு சொல்லியே வளர்க்கப்பட்டவருக்கும் அந்த முதல் படிதான் ஏறக் கடினமானது. அவர்களிடம் போய்ப் பகைவனை மன்னி என்று தொடங்குவது அறமும் அன்று, முறையும் அன்று. பகைவனை மைத்திரியோடு நினைப்பது அவன் செய்ததைச் சரியென்று ஏற்பதும் இல்லை. அநீதியைத் தடுத்துக்கொண்டே வெறுக்காமல் இருக்கலாம். 2007இல் யாங்கூனில் நடந்த பிக்குகள் அதைத்தான் செய்தார்கள்.

பயிற்சியைத் தொடங்க விரும்பும் வாசகருக்கு ஒன்று சொல்லலாம். ஊரையும் உலகையும் நேசிக்கும் அவசரம் வேண்டாம். ஐந்து பேரை எடுத்துக்கொள்ளுங்கள்: நீங்கள், மதிக்கும் ஒருவர், நண்பர் ஒருவர், பெயர்கூடத் தெரியாத கடைக்காரரோ நடத்துநரோ ஒருவர், பிடிக்காத ஒருவர். ஒவ்வொருவருக்கும் ஒரே நலத்தை ஒரே அளவில் விரும்ப முடிகிறதா என்று பாருங்கள். கோபம் அடங்காவிட்டால் அவருக்கு உதவும் ஒரு சிறு பொருளைக் கொடுத்துப் பாருங்கள். வீட்டிலோ அலுவலகத்திலோ யாராவது ஒருவர் நட்டப்பட வேண்டும் என்ற நிலை வரும்போது உங்கள் மனம் யாரை முன்னால் தள்ளுகிறது என்று கவனியுங்கள். எப்போதும் பிறரையே தள்ளினால் பயிற்சி தொடங்கவில்லை. எப்போதும் உங்களையே தள்ளிக்கொண்டாலும் பயிற்சி முடியவில்லை.